கிரேக்கப் புத்தகத்தில் என் அப்பாவின் பெயர்

1

துபாயில், அல் குசைஸில் எனக்குச் சொந்தமாக ஒரு சாரம் யார்டு இருக்கிறது. நாலு லாரி நிற்கிறது. முப்பத்தெட்டுப் பேர் என் கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். சவூதியில், ஜுபைலில் கூலிங் டவரைச் சுற்றி அடிமுதல் நுனிவரை சாரம் கட்டினவன் நான். கத்தாரில், ராஸ் லஃபானில், காற்று ஹெல்மெட்டைப் பிடுங்குகிற உயரத்தில் சாரம் கட்டி, ஒருத்தனுக்கும் நகம்கூடப் பெயராமல் இறக்கிக்கொண்டு வந்தவன் நான். அறந்தாங்கிப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுத்தேன். மகனை எம்.பி.ஏ. படிக்க வைத்தேன். மகள் மருந்துக் கடை வைத்திருக்கிறாள், அதுவும் நான் வைத்துக் கொடுத்ததுதான். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி வருஷம் மாட்டோடு போய்விட்டது.

பெருமை அடிக்கிறான் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். தன்னைப் பற்றிப் பேசத் தெரியாதவனுக்கு இந்த ஊரில் கேட் பாஸ்கூடக் கிடைக்காது. இதை எழுதியபோது வந்த எழுத்துப் பிழைகளை என் மருமகள் திருத்தினாள். கோபத்தில் கை வைக்காதே என்று சொல்லிவிட்டேன்.

மேலே சொன்னதெல்லாம் இரும்பு. இரும்பில்லாத ஒன்றையும் கட்டினேன். அது ஒரு புத்தகம். இங்கிலீஷ் வார்த்தைகளைக் கிரேக்க மொழியில் சொல்கிற புத்தகம், கிரீஸ் நாட்டு வேலைக்காரர்களுக்காக. ஐந்தாம் வகுப்புக்காரனுக்கும் கிரேக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள். காத்திருக்கிறேன்.

2

போன மாதம் என் யார்டுக்கு ஒரு கிரீஸ்காரப் பையன் வந்தான். புது எஞ்சினியர். ஒரு ஹோட்டல் கட்டடத்துக்குச் சாரம் வாடகைக்கு வேண்டும் என்று கேட்டு, கையிலிருந்த நீல அட்டைப் புத்தகத்தை என் மேஜைமேல் வைத்துவிட்டுக் குழாய்களைப் பார்க்கப் போனான். நான் சும்மா புரட்டினேன். ஒரு பக்கத்தில் ஒரு படம். ஹெல்மெட் போட்ட ஆள், இடுப்பில் பெல்ட், காலில் பூட்ஸ், நடுவில் மடித்துக் கட்டிய கைலி.

வளைகுடாவில் எந்த சைட்டிலாவது கைலி கட்டிக்கொண்டு எவனாவது வேலை செய்து பார்த்திருக்கிறீர்களா? கேட்டிலேயே கழுத்தைப் பிடித்துத் தள்ளுவான். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன், கைலி. அதற்கடுத்ததிலும் கைலி. எனக்குக் கால்சட்டை வரைய வராது. இரண்டு காலையும் தனித்தனியாக வரைந்தால் நண்டு மாதிரி நிற்கும். அதனால் நான் வரைந்த ஆட்கள் எல்லாருக்கும் கைலி கட்டிவிட்டேன். அவ்வளவு படமும் என் கை.

பையன் திரும்பி வந்தான். "இது எங்கே கெடச்சது பாய்?" என்று கேட்டேன்.

"கம்பெனியில் சேர்ந்த அன்னைக்கே தருவாங்க. இதைப் படிச்சுத் தேறினாத்தான் சைட்டுக்குள்ள விடுவாங்க" என்றான், பாதி கைஜாடையிலும் பாதி இங்கிலீஷிலும்.

"படம் யார் போட்டது?"

"யாருக்குத் தெரியும்? நாங்க இதைப் பாவாடைப் புத்தகம்னுதான் சொல்வோம்." சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

அவனுக்குக் குறைத்துக் கொடுப்பதாக இருந்த வாடகையை அந்த நிமிஷமே குறைக்காமல் விட்டேன். ஒரு பிரதி கொண்டுவந்து தந்தால்தான் லாரி கிளம்பும் என்றும் சொன்னேன். மறுநாளே தந்தான்.

3

நான் அந்தப் படங்களைப் போட்ட இடம் ஜுபைல். பதினேழு வருஷம் இருக்கும். பெட்ரோகெமிக்கல் ப்ளாண்ட்டில் பெரிய ஷட்டவுன்: ப்ளாண்ட்டை நிறுத்திப் பழுது பார்த்து, பக்கத்தில் புது யூனிட்டும் கட்டுகிற வேலை. ஒரு கிரீஸ் கம்பெனி தன் நாட்டிலிருந்து வெல்டர்களையும் ஃபிட்டர்களையும் கூட்டம் கூட்டமாக இறக்கியது. தங்கமான கை அவர்களுக்கு. ஆனால் வாயில் ஒரு வார்த்தை இங்கிலீஷ் கிடையாது. சைட்டிலோ அதட்டலிலிருந்து ஆபத்துவரை எல்லாம் இங்கிலீஷ்.

நான் அப்போது சாரம் ஃபோர்மேன். என் விசாவில் மட்டும் 'கார்பெண்டர் ஹெல்பர்' என்று இருந்தது. இங்கே வந்தவர்களுக்கு இது தெரியும். விசா எடுத்துக் கொடுக்கிற அரபி முதலாளி கஃபீல், அவனிடம் எந்த விசா காலியாக இருக்கிறதோ அதில்தான் ஆளை எடுப்பார்கள். எங்கள் கேம்ப்பில் ஆடு மேய்க்கிற விசாவில் கிரேன் ஓட்டினவன் இருந்தான். வேலை ஒன்று, காகிதம் ஒன்று. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. நானும் படவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

ஒருநாள் மேலேயிருந்து, குழாய்களைப் பிணைக்கிற இரும்பு கிளாம்ப் ஒன்று நழுவியது. வெள்ளைக்கார சூப்பர்வைசர் "ஹெட்ஸ் அப்!" என்று கத்தினார். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு பலகைக்கு அடியில் புகுந்துவிட வேண்டும். எங்களுக்கு உடம்பு தானாக ஓடும். கீழே நின்ற கிரீஸ் ஃபிட்டருக்கு 'ஹெட்' என்றால் தலை, 'அப்' என்றால் மேலே என்று மட்டும் தெரியும். தலையைத் தூக்கிப் பார்த்தான். கிளாம்ப் தாடையில் விழுந்தது.

அவர்களுடைய எஞ்சினியர் பெயர் தனாசிஸ். எங்கள் ஆட்கள் வாயில் அவர் தாஸ் சார். ஆம்புலன்ஸ் போன பிறகு அவர் ஒரு கனமான டிக்ஷனரியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "பார், இதில் சரியாகத்தான் போட்டிருக்கிறான்" என்றார்.

"டிக்ஷனரி சரி சார். தாடைதான் போச்சு" என்றேன்.

அந்த வாரமே ஆரம்பித்தோம். வெள்ளிக்கிழமை லீவு நாள். காலையில் சாரம் யார்டில் அவரும் நானும் உட்காருவோம். அவர் குடிக்கிற காபி சேறு மாதிரி இருக்கும், அதனால் டீ நான் போடுவேன். சைட்டில் காதில் விழுகிற ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தையையும், ஒவ்வொரு சொல்வழக்கையும் நான் சொல்வேன். எனக்கு இங்கிலீஷ் எழுத வராது. ஆனால் வெள்ளைக்காரன் வாயிலிருந்து எந்தச் சொல் வந்தால் எங்கே நிற்க வேண்டும், எதைப் பிடிக்க வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. அதைப் படமாகப் போட்டுக் காட்டுவேன். அவர் கிரேக்கத்தில் எழுதுவார்.

இரண்டு வாரத்திலேயே தெரிந்துவிட்டது, அவர் எழுதுவது டிக்ஷனரியைத்தான் என்று. நான் ஒரு வழி சொன்னேன். இந்த வழி என்னுடையது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கிரீஸிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கின ஒருத்தனைக் கூப்பிட வேண்டும். இங்கிலீஷை அவன் காதில் போடவே கூடாது. தாஸ் சார் தான் எழுதின கிரேக்கத்தை மட்டும் அவனிடம் சொல்ல வேண்டும். நான் பக்கத்தில் நின்று அவன் கையையும் காலையும் பார்ப்பேன். இங்கிலீஷ் புரிந்தவன் என்ன செய்வானோ அதை இவன் செய்தால் டிக். செய்யாவிட்டால் அடித்துவிட்டு வேறு எழுத வேண்டும்.

"உனக்குத்தான் கிரேக்கம் தெரியாதே மாஸ்தொரா" என்றார். வேலை தெரிந்த ஆளை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

"தெரியாததுனாலதான் சார் நான் பாக்கணும். தெரிஞ்சிருந்தா உங்க வார்த்தையைக் கேட்டு ஏமாந்துருவேன்."

'கட்டிங் கார்னர்ஸ்' என்று ஒன்று. செய்ய வேண்டியதை முழுசாகச் செய்யாமல் ஒப்பேற்றுவதைச் சொல்வது. தாஸ் சார் எழுதினதைக் கேட்ட பையன், டேப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சாரத்தின் நாலு மூலையையும் அளந்தான். நான் மணலில் உட்கார்ந்து சிரித்தேன். பிறகு எழுந்து போய் நாலு கட்டுப் போட வேண்டிய இடத்தில் இரண்டு மட்டும் போட்டு, வெளியே தெரியாமல் பலகையால் மூடி, "இதான்" என்று காட்டினேன். தாஸ் சார் பார்த்தார். முகம் சிவந்து வாய்க்குள் என்னமோ சொல்லிக் காறித் துப்பினார். "சார், இப்ப ஒரு வார்த்தை சொன்னீங்களே, அதை எழுதுங்க" என்றேன். எழுதினார். அடுத்த வெள்ளிக்கிழமை வந்தவன் அதைக் கேட்டதும் நேராகப் போய்ப் பலகையைத் தூக்கிப் பார்த்தான். டிக்.

'டச் வுட்' மட்டும் ஒரே நிமிஷத்தில் முடிந்தது. கண்ணேறு படாமலிருக்க அவர்களும் மரத்தைத்தான் தட்டுவார்களாம். வந்தவன் கிரேக்கத்தைக் கேட்டதும் பக்கத்துப் பலகையை மூன்று தரம் தட்டிவிட்டு நின்றான்.

ஒரு வருஷம் ஆனதும் தாஸ் சார் நோட்டை மூடினார். "கலாஸ், முடிந்தது. கிட்டத்தட்ட எல்லாம் வந்துவிட்டது."

"கிட்டத்தட்டன்னா? எது பாக்கி?"

"வருஷத்துக்கு ஒரு தரம் கேட்கிற வார்த்தைகள். அதை விடு."

எனக்கு வந்ததே கோபம். "சார், வருஷம் பூரா கேக்குறதை எவனும் பாத்துப் பாத்துக் கத்துக்குவான். வருஷத்துக்கு ஒரு தரம் கத்துறதுலதான் ஆள் சாவான். அதை விட்டுட்டு என்ன புஸ்தகம்?"

அவர் நோட்டைத் திறந்தார். இன்னொரு வெயில் காலம் முழுக்க உட்கார்ந்தோம். 'மேக் ஸேஃப்' அப்போது வந்ததுதான். சைரன் ஊதும்போது சொல்வது. கையிலிருப்பது யார் தலையிலும் விழாதபடி கட்டிப்போட்டுவிட்டு ஓடு என்று அர்த்தம். முதலில் எழுதின கிரேக்கத்தைக் கேட்ட பையன் நின்று நிதானமாக எல்லா போல்ட்டையும் முறுக்கிக்கொண்டிருந்தான். நிஜ சைரனாக இருந்தால் அவன் சாம்பல். ஆறு வெள்ளிக்கிழமை, ஆறு பையன்கள். ஏழாவது ஆள்தான் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஓடினான். அதோடு தாஸ் சார் நோட்டோடு கிளம்பினார், நானும் வேறு சைட்டுக்குப் போய்விட்டேன்; அது புத்தகமாக அச்சானது எனக்குத் தெரியவே தெரியாது.

இதெல்லாம் டீ போட்ட வேலையா? கேட்கிறேன், பதில் சொல்லுங்கள்.

4

ஏன் டீயைச் சொல்கிறேன் என்றால், அந்த நீலப் புத்தகத்தின் முன்னுரை இங்கிலீஷிலும் இருந்தது. என் மகன் விக்னேஷ் படித்துச் சொன்னான். கம்பெனி சேர்மனுக்கு நன்றி. இரண்டு புரொபசர்களுக்கு நன்றி. எழுதினவர் என்று தாஸ் சாருக்கு நன்றி. சொல்லைச் சொல்லிக் கைகாலைப் பார்க்கிற முறைக்கு ஒரு நீளமான பெயர் வைத்து, அதைக் கண்டுபிடித்தது சேஃப்டி டிபார்ட்மெண்ட் என்று போட்டிருந்தது. படங்கள்: சைட் ஊழியர்கள்.

"அப்பா! உங்க பேரு இருக்கு!" என்று கத்தினான். நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"படிடா."

"முத்தையா, ஹெல்பர். டீக்கும் பொதுவான உதவிகளுக்கும்."

முத்தையா என் அப்பா. கிணறு வெட்டப் போனவர். கீழே எவ்வளவு வேண்டுமானாலும் இறங்குவார், தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்தால் தலை சுற்றும். வாழ்நாளில் யாருக்கும் டீ போட்டுக் கொடுத்ததில்லை, எங்கள் அம்மாவுக்குக்கூட. கடலையே பார்க்காமல் செத்துப்போன மனுஷன் கிரேக்கப் புத்தகத்தில் எப்படி ஏறினார்? பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் அவர் பெயர் இருக்கிறது. வெள்ளைக்காரன் கணக்கில் பின்னால் இருப்பதுதான் பெயர். ஹெல்பர், விசாவில் இருந்தது.

விக்னேஷ் சிரித்தான். "சர்நேம்தானேப்பா போடுவாங்க. உலகம் பூரா அப்பிடித்தான். என் ஆபீஸ்ல என்னை மிஸ்டர் கருப்பையான்னுதான் கூப்பிடுறாங்க."

"அது என் பேருடா!"

"தெரியும்ப்பா. பத்து வருஷமா உங்க பேருக்குத்தான் நான் ப்ரமோஷன் வாங்கிட்டிருக்கேன். நான் கோவிச்சுக்கிட்டேனா? லீவ் இட்."

லீவ் இட். இதற்கா எம்.பி.ஏ. படிக்க வைத்தேன்? அவனுக்குச் சாப்பாடு, படிப்பு, கார் எல்லாம் கிடைக்க இரும்பை விடாமல் பிடித்தவனிடம் வந்து விடு என்கிறான். அவன் என் காசில் கஷ்டம் தெரியாமல் வளர்ந்தவன், வேலைக்கும் நேராக ஆபீஸ் நாற்காலிக்கு வந்தவன். யாராவது எதையாவது பிடுங்கினால் கம்ப்ளெயிண்ட் எழுதிவிட்டு ஏசி போட்டுக்கொண்டு தூங்குகிற பிள்ளைகள் இவர்கள்.

5

இழுத்துக்கொண்டு போனேன் அவனை, அந்தக் கம்பெனியின் துபாய் ஆபீஸுக்கு. கம்பெனி பெயரை எழுதக் கூடாது என்று விக்னேஷ் காலைப் பிடிக்கிறான், அதனால் எழுதவில்லை. புத்தகத்தைக் கவனிக்கிற மேனேஜர் சென்னைப் பெண். வாசலுக்கே வந்து, "வாங்க மிஸ்டர் கருப்பையா" என்றாள். என் மகனிடம் கை நீட்டினாள். என்னைப் பார்த்து, "அங்கிள், நீங்க அப்படி உக்காருங்க" என்றாள்.

"நான்தாம்மா கருப்பையா. இவன் நான் பெத்தது."

விஷயத்தைச் சொன்னேன். படங்களைக் காட்டினேன். கைலியைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். என் அட்டையை வாங்கிக் கம்ப்யூட்டரில் தட்டினாள்.

"கருப்பையா முத்தையா. அப்ப கிரெடிட் ஆல்ரெடி குடுத்திருக்கோமே அங்கிள்."

"என்னன்னு குடுத்திருக்கீங்க?"

"டெசிக்னேஷன் விசாப்படிதான் போடுவோம். அது ரூல்."

"சரிம்மா. டீ எந்த விசாவுல இருந்துச்சு?"

ஸ்கிரீனை மேலும் கீழும் ஓட்டினாள். "அது ஆத்தர் சைடுலேர்ந்து வந்த வரி" என்றாள். பிறகு குரல் இறங்கி, இந்த மாதக் கடைசியில் இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகிறது, அதற்குள் திருத்தம் கேட்டு ஃபாரம் போடலாம் என்று அவளே திறந்தாள். பெயர், பங்களிப்பு எல்லாம் வந்தது. படிப்பு என்கிற பெட்டியில் நின்றுபோனது. அதைத் தேர்வு செய்யாமல் அடுத்த பக்கம் போகாதாம். உள்ளே இருந்தது டாக்டரேட், மாஸ்டர்ஸ், டிகிரி, டிப்ளமா. அதற்குக் கீழே மாஃபி, ஒன்றுமே இல்லை.

"டிப்ளமான்னு போட்றவா அங்கிள்? யாரும் பாக்கப் போறதில்ல."

"பொய்ப் பேரு ஒண்ணு, பொய் வேலை ஒண்ணு ஏற்கெனவே இருக்கு. பொய்ப் படிப்பும் எதுக்கும்மா?"

அந்தப் பெண் கெட்டவள் இல்லை. ஆத்தர் ஒரு கடிதம் கொடுத்தால் ஃபாரம் இல்லாமல் மேலே அனுப்பிப் பார்க்கிறேன் என்றாள். கெட்டது அந்தப் பெட்டிதான். என்னை மாதிரி ஒருத்தன் புத்தகத்துக்கு எதையாவது கொடுத்திருக்க முடியும் என்று அதைச் செய்தவனுக்குத் தோன்றவே இல்லை.

6

தாஸ் சார் ரிட்டயர் ஆகி ஊரோடு போய்விட்டார். அந்தக் கிரீஸ்காரப் பையன்தான் விசாரித்து நம்பர் வாங்கித் தந்தான். வீடியோவில் அழைத்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. "மாஸ்தொரா! மை ஃபிரெண்ட்! புத்தகம் வந்ததா?" என்று குதித்தார். நான் குசலம் விசாரிக்கவில்லை.

"டீன்னு ஏன் சார் எழுதுனீங்க?"

முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கினதும் கண்ணாடியைக் கழற்றினார். உன் முறையைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன், கம்பெனி வெட்டிவிட்டது என்றார். ஆளுக்கு ஒரு வரி போதும் என்று எச்.ஆர். ஒரு பட்டியல் அனுப்பியதாம். அதில் முத்தையா, ஹெல்பர் என்று இருந்ததாம். "அந்த யார்டை நினைத்தால் எனக்கு முதலில் வருவது உன் டீதான். அன்பாகத்தான் எழுதினேன்" என்றார்.

"முத்தையா எங்கப்பா சார்."

கழற்றின கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக, "அப்படியானால் உன் பெயர் என்ன?" என்று கேட்டார்.

ஒன்றரை வருஷம். எத்தனை வெள்ளிக்கிழமை. ஊரில் இருக்கிற இங்கிலீஷ் எல்லாவற்றுக்கும் கிரேக்கம் தேடின மனுஷன், எதிரே உட்கார்ந்திருந்தவன் பெயரைக் கேட்கவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த மரியாதையில் பாதி அங்கேயே போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு பெயரைச் சொன்னேன். ஒரு தாளில் எழுதி கேமராவில் காட்டினார். கிரேக்க எழுத்து. எனக்கு என்ன தெரியும்?

"அதை உங்க சம்சாரத்துக்கிட்ட குடுங்க. நீங்க வாயத் தொறக்கக் கூடாது. அவங்க படிக்கட்டும்."

அந்த அம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து, தாளைத் தூரத்தில் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்கள்.

"கா-ரு-பை-யா."

டிக் போடச் சொன்னேன். ரு கொஞ்சம் வழுக்கியது, பரவாயில்லை. நாங்கள் எழுதி நிரப்பின மூன்று நோட்டும் தன்னிடம் பத்திரமாக இருப்பதாகச் சொன்ன தாஸ் சார், மறுநாளே அந்தப் பெண் கேட்ட கடிதத்தையும் நோட்டின் படங்களையும் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார். அதற்கு வந்த பதில் ஒரே வார்த்தை. 'நோட்டட்'. பார்த்தோம் என்று அர்த்தம். செய்வோம் என்று அர்த்தமில்லை. இந்த வார்த்தைக்கும் நான் தாஸ் சாருக்குப் படம் போட்டிருக்கிறேன்: காகிதத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்க்கிற ஆள்.

7

மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. கம்பெனியில் தமிழ் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். அவர்கள் மேலே சொல்லட்டும். ஊரில் இதைப் படிக்கிறவர்கள், சரி விடுங்கள் அண்ணே, பெரிய மனசு பண்ணுங்கள் என்று எனக்கு எழுத வேண்டாம். உங்கள் பெயரை அடித்துவிட்டு உங்கள் அப்பா பெயரைப் போட்டு அவரை எடுபிடி ஆக்கினால் அப்போது தெரியும். எங்கள் அப்பாவும் எவனுக்கும் ஹெல்பராக இருந்ததில்லை. அவர் வெட்டின கிணறுகளில் இன்றைக்கும் தண்ணீர் இருக்கிறது. அவருக்குச் சேராத நன்றி அவருக்கும் வேண்டாம்.

எனக்குப் பணம் வேண்டாம், விழா வேண்டாம், சால்வை வேண்டாம். வருத்தம் தெரிவிக்கிறோம் என்கிற வரியும் வேண்டாம். இரண்டாம் பதிப்பின் முன்னுரையில், புரொபசர்களுக்குக் கீழே அல்ல, தாஸ் சாருக்குப் பக்கத்தில், இப்படி வர வேண்டும்: வார்த்தைகளைப் பொறுக்கித் தந்ததும், சரியா என்று கைகாலைப் பார்த்துச் சோதிக்கிற முறையைக் கண்டுபிடித்ததும், அத்தனை படங்களையும் வரைந்ததும் மு. கருப்பையா, சாரம் ஃபோர்மேன். அப்பா பெயருக்கு ஓரெழுத்து, என் பெயர் முழுசாக. படிப்பு என்று ஒரு வரி கட்டாயம் வேண்டுமென்றால் ஐந்தாம் வகுப்பு என்றே போடட்டும். அடித்துத் திருத்தக் கூடாது.

அச்சானதும் ஒரு பிரதி என் யார்டுக்கு வர வேண்டும். உறைமேலும் பெயரைச் சரியாக எழுதி அனுப்பச் சொல்லுங்கள். தப்பாக இருந்தால் கையெழுத்துப் போட்டு வாங்க மாட்டேன்.